குப்பை பிரிக்கற சயின்ஸ் வார்த்தைகளை இங்கிலீஷ்ல சொல்லித்தர்றது எப்படி

ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் சயின்ஸோ இங்கிலீஷோ எடுக்கறவங்க, தமிழ் மீடியத்துல இருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறி வந்த பசங்களை கிளாஸ்ல வெச்சிருக்கறவங்க, சாயங்காலம் வீட்டுத் திண்ணையில டியூஷன் எடுக்கற அக்காக்கள், இவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். குப்பைப் பாடத்துல வர்ற இங்கிலீஷ் வார்த்தைங்க எல்லாமே நீட்ட நீட்டமா இருக்கும், பயோடிகிரேடபிள், நான்-பயோடிகிரேடபிள், டிகம்போசிஷன், செக்ரிகேஷன், ஹசார்டஸ்னு. போர்டுல எழுதி பக்கத்துலயே தமிழ் அர்த்தமும் போட்டு, பத்து தடவை எழுதிட்டு வான்னு அனுப்பினா மறுநாள் ஸ்பெல்லிங் கரெக்டா வந்துடும், ஆனா அதே பையன் கையில ஒரு சிப்ஸ் கவரைக் கொடுத்து இதைப் பத்தி இங்கிலீஷ்ல ஏதாவது சொல்லுன்னா வாயே திறக்கமாட்டான். வார்த்தை தெரியுது, பேசறதுக்கு ஒரு காரணம்தான் இல்ல. அதனால நான் சொல்ற வரிசை இதுதான்: முதல்ல குப்பை கைக்கு வரணும், அடுத்து அதை வெச்சு தமிழ்ல நல்லா சண்டை போடணும், அதுக்கப்புறம்தான் இங்கிலீஷ் வார்த்தை, அந்த வார்த்தையும் தனியா வராம "பிகாஸ்" இருக்கற ஒரு வாக்கியத்துக்குள்ளதான் வரணும்.

கிளாஸுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஒரு சாக்குப்பையில சாமான் சேர்க்க ஆரம்பிச்சிடுங்க. வாழைப்பழத் தோல், சத்துணவு முட்டை ஓடு, காஞ்ச வேப்பிலை, பழைய நியூஸ்பேப்பர், ஆவின் பால் கவர், மூடியோட ஒரு வாட்டர் பாட்டில், சிப்ஸ் கவர், டீக்கடை பேப்பர் கப், சோடா மூடி, அலுமினியம் ஃபாயில், கூல்டிரிங்ஸ் கேன், தீர்ந்துபோன ரீஃபில், கிழிஞ்ச காட்டன் துணி, கொட்டாங்குச்சி, ரிமோட்ல போட்டுத் தீர்ந்த செல், காலி மாத்திரை அட்டை. கழுவ முடிஞ்சதைக் கழுவி காயவெச்சு கொண்டுவாங்க. உடைஞ்ச கண்ணாடி, பிளேடு, ஊசி, கசிஞ்ச செல், யூஸ் பண்ண நாப்கின் இதெல்லாம் கிளாஸுக்குள்ளயே வரக்கூடாது, அதுக்கு மட்டும் படம் காட்டுங்க போதும். மத்ததுக்கு படம் வேண்டாம்னு நான் அடிச்சே சொல்லுவேன், ஏன்னா நெட்ல எடுக்கற வொர்க்‌ஷீட்டுங்கள்ல பெரும்பாலும் அட்டைப்பெட்டியில பாலு, சீரியல் பாக்ஸு, ஆப்பிள் நடுத்தண்டு இதுங்கதான் இருக்கும், நம்ம பசங்க வீட்டுக் குப்பைக்கூடையில அதெல்லாம் கிடக்கறதே இல்ல.

முதல் பீரியட்ல இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணுகூட வேண்டாம். நாலஞ்சு பேரா உக்காரவெச்சு ஆளுக்குக் கொஞ்சம் சாமானைக் கொடுத்து, பிரிங்கடான்னு மட்டும் சொல்லுங்க, எத்தனை குவியல்னுகூட சொல்லாதீங்க. மக்கும், மக்காதுங்கற ரெண்டும் அவங்களுக்கு முன்னாடியே தெரியும், தெருவுல வர்ற குப்பை வண்டி மைக்ல தினமும் கேக்கறதுதானே. வாழைப்பழத் தோலும் பால் கவரும் ஒரு நிமிஷத்துல பிரிஞ்சிடும். அப்புறம் முட்டை ஓடு மக்குமா மக்காதான்னு ஒரு சண்டை வரும், பேப்பர் கப் எந்தப் பக்கம்னு ஒரு சண்டை வரும், செல்லை எங்க வைக்கறதுன்னே தெரியாம தனியா ஒரு மூலையில வெச்சுட்டு உங்க முகத்தைப் பாப்பாங்க. அந்த நேரத்துல விடை சொல்லாதீங்க. ஏன் அங்க வெச்ச, ஏன் இங்க வெச்சன்னு கேட்டுக்கிட்டே இருங்க, தமிழ்லயே பதில் சொல்லட்டும். தமிழ்ல காரணம் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் நாளைக்கு இங்கிலீஷ்ல "பிகாஸ்"க்கு அப்புறம் போடறதுக்கு ஏதாவது இருக்கும்.

ரெண்டாவது பீரியட்ல வார்த்தைக்கு வாங்க, ஆனா ஒரு நாளைக்கு ஆறேழுக்கு மேல வேண்டாம். ஆரம்பிக்கறது வினைச்சொல்லுல இருந்து இருக்கட்டும்: சார்ட், ரின்ஸ், கிரஷ், டேர், ஃபோல்ட், பரி. நீங்க "கிரஷ் த பாட்டில்"னு சொன்னா அவங்க நசுக்கணும், "டேர் த பேப்பர்"னா கிழிக்கணும், கொஞ்ச நேரத்துல ஒரு பிள்ளையை எழுப்பி அவளையே கட்டளை போடவிடுங்க, கூச்சப்படற பிள்ளைங்ககூட அடுத்தவங்களை வேலை வாங்கறதுன்னா சத்தமா பேசிடும். அதுக்கப்புறம் மத்த வார்த்தைங்க. அதையும் ஒரே லிஸ்ட்டா கொட்டாம இது எதால ஆனது, இது எப்படி நடந்துக்கும், இதுக்கு அப்புறம் என்ன ஆகும்னு மூணு கேள்விக்குக் கீழ போடுங்க. பிளாஸ்டிக், கிளாஸ், மெட்டல், காட்டன் முதல் கேள்விக்குக் கீழ வரும், மேக்னடிக், டென்ஸ், பயோடிகிரேடபிள் ரெண்டாவதுக்கு, கம்போஸ்ட், ரீசைக்கிள், லேண்ட்ஃபில் மூணாவதுக்கு. இந்த மூணு கேள்வியும் பசங்க நோட்டுல மூணு காலமா இருந்தா போதும், வருஷம் முழுக்க புதுசா வர்ற வார்த்தையை அதுலயே சேர்த்துக்கிட்டே போகலாம்.

இனிமேதான் சயின்ஸ், இங்க நிறைய நேரம் செலவு பண்ணுங்க. ஒரு பக்கெட்ல தண்ணி எடுத்துக்கோங்க. வாட்டர் பாட்டிலோட உடம்புல இருந்து கட்டைவிரல் நகம் சைஸுக்கு ஒரு துண்டு, மூடியில இருந்து அதே அளவுல ஒரு துண்டு, ரெண்டையும் நீங்களே வெட்டி எடுத்துட்டு வந்துடுங்க. துண்டைப் போடறதுக்கு முன்னாடி எல்லாரும் சொல்லணும், "ஐ திங்க் இட் வில் ஃப்ளோட்" இல்லைனா "ஐ திங்க் இட் வில் சிங்க்". பெரும்பாலான பசங்க ரெண்டும் பிளாஸ்டிக்தானே, மிதக்கும்னுதான் சொல்லுவாங்க. துண்டைத் தண்ணிக்குள்ள விரலால அமுக்கி, ஒட்டியிருக்கற காத்துக்குமிழை உதறிட்டு விடுங்க, குமிழ் ஒட்டியிருந்தா முங்க வேண்டியதுகூட மிதந்துடும். பாட்டில் துண்டு நேரா அடிக்குப் போய் உக்காந்துடும், மூடித் துண்டு மேல வந்துடும். காரணம் ரெண்டும் வேற வேற பிளாஸ்டிக். பாட்டில் பெட்ங்கற பிளாஸ்டிக், ஒரு கன சென்டிமீட்டர் கிட்டத்தட்ட 1.38 கிராம், மூடி பெரும்பாலும் ஹெச்டிபிஇ இல்லைனா பிபி, அது 0.90ல இருந்து 0.97க்குள்ளதான் வரும், தண்ணியோ 1. இப்ப வாக்கியம் தானா வரும்: "த பாட்டில் பீஸ் சிங்க்ஸ் பிகாஸ் இட் இஸ் டென்சர் தேன் வாட்டர்." டென்சிட்டின்னா என்னன்னு மனப்பாடம் பண்ண பிள்ளையைவிட இந்தத் துண்டு முங்கினதைப் பாத்த பிள்ளைக்கு அந்த வார்த்தை நிக்கும். ரீசைக்கிள் பண்ற யூனிட்லயும் பாட்டிலைச் சின்னச் சின்னத் துண்டாக்கி தண்ணித்தொட்டியில போட்டு இதே மாதிரிதான் மூடித் துண்டைப் பிரிக்கறாங்கன்னு சொல்லுங்க, விளையாட்டுன்னு நினைச்சது நிஜ வேலைன்னு தெரிஞ்சதும் முகமே மாறும்.

அதோடவே பாட்டில் அடியில இருக்கற முக்கோணத்தையும் நம்பரையும் காட்டிடுங்க. 1ன்னா பெட், 2 ஹெச்டிபிஇ, 3 பிவிசி, 4 எல்டிபிஇ, 5 பிபி, 6 பாலிஸ்டைரீன், அதாவது நம்ம தெர்மோகோல் வகை, 7ன்னா மத்தது எல்லாம். 1988ல அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த நம்பர் இது. நம்பர் இருந்தாலே ரீசைக்கிள் ஆகிடும்னு அர்த்தம் இல்ல, அது என்ன வகை பிளாஸ்டிக்னு மட்டும்தான் சொல்லுது. இதைத் தெளிவா சொல்லிடுங்க, பெரியவங்களே இதைத் தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க.

காந்த டெஸ்ட் சீக்கிரம் முடிஞ்சிடும். சோடா மூடி ஒட்டும், கூல்டிரிங்ஸ் அலுமினிய கேனும் ஃபாயிலும் ஒட்டாது. "த மேக்னட் அட்ராக்ட்ஸ் த பாட்டில் கேப்", "அலுமினியம் இஸ் நாட் மேக்னடிக்", அவ்வளவுதான். எவனாவது ஒருத்தன் டிபன் பாக்ஸ்ல காந்தத்தை வெச்சுப் பாத்துட்டு எவர்சில்வர் ஏன் ஒட்டலைன்னு கேப்பான், அதுல ஒட்டற வகையும் இருக்கு ஒட்டாத வகையும் இருக்கு, இரும்போட என்ன கலந்திருக்காங்கங்கறதைப் பொறுத்ததுன்னு சொல்லிடுங்க. சிப்ஸ் கவருக்கு காந்தம்கூட வேண்டாம், ஃபாயிலை ஒரு கையிலயும் சிப்ஸ் கவரை ஒரு கையிலயும் கசக்கச் சொல்லுங்க, கையை விரிச்சா ஃபாயில் உருண்டையாவே இருக்கும், கவர் திரும்ப விரிஞ்சுக்கும். ரெண்டும் வெள்ளியா மின்னினாலும் கவர்ல இருக்கறது பிளாஸ்டிக் மேல படிஞ்ச மெல்லிசான அலுமினியப் பூச்சு, அதனாலதான் காயலான் கடையில அதை எடுத்துக்கறது இல்ல. லேயர், மல்டிலேயர்ங்கற வார்த்தை இங்கதான் சொல்லணும்.

எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது டீ கப்தான். முந்தின நாளே ஒரு பேப்பர் கப்பைக் கிழிச்சு ராத்திரி முழுக்க தண்ணியில ஊறப்போடுங்க. காலையில பசங்க கட்டைவிரலால தேய்ச்சா வெளிப்பக்கத்துப் பேப்பர் கூழ் மாதிரி உரிஞ்சு வந்துடும், உள்பக்கத்துல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு ஏடு மட்டும் கிழியாம நிக்கும். அதுதான் லைனிங், சாதாரணமா பாலிஎத்திலீன். "த கப் இஸ் மேட் ஆஃப் பேப்பர், பட் இட் ஹேஸ் அ பிளாஸ்டிக் லைனிங்." முதல் நாள் சண்டைக்கு இங்க விடை கிடைச்சிடும், நீங்க வாயே திறக்க வேண்டியதில்ல. 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல தடை பண்ண பிளாஸ்டிக் பொருள் லிஸ்ட்ல பிளாஸ்டிக் பூச்சு வெச்ச பேப்பர் கப்பும் ஏன் இருக்குன்னு அந்த ஏட்டைத் தூக்கிக் காட்டிக் கேளுங்க, "பட்" போட்டு வாக்கியம் அமைக்கறதும் அதுலயே பழகிடும்.

இப்ப ஒரு முக்கியமான சிக்கலுக்கு வர்றேன், இதை விட்டுட்டா பாடமே ஓட்டையாயிடும். தொட்டியில எழுதியிருக்கறதும் சயின்ஸ் சொல்றதும் ஒண்ணு இல்ல. வெட் வேஸ்ட், டிரை வேஸ்ட்னு சொல்றோம், காஞ்ச வேப்பிலை டிரைதானே, ஏன் வெட் வேஸ்ட் தொட்டியில போடணும்? நனைஞ்ச வாட்டர் பாட்டில் ஏன் டிரை வேஸ்ட்? நியூஸ்பேப்பர் மக்கும்தானே, அப்புறம் ஏன் அதை மக்காத குப்பையோட சேர்த்துக் கொடுக்கச் சொல்றாங்க? புத்திசாலிப் பிள்ளை இதைக் கண்டிப்பா கேக்கும், கேக்கலைன்னா நீங்களே கிளப்பிவிடுங்க. வெட், டிரைங்கறது தொட்டியோட பேரு, ஈரம் இருக்கா இல்லையான்னு சொல்ற வார்த்தை இல்ல. உண்மையில ரெண்டு கேள்வி இருக்கு: மைக்ரோப்ஸ் இதைத் தின்னுமா? மனுஷங்க இதை வேற பொருளா மாத்த முடியுமா? தரையில சாக்பீஸால ஒண்ணோட ஒண்ணு கொஞ்சம் படிய ரெண்டு பெரிய வட்டம் போடுங்க, ஒண்ணுக்குள்ள பயோடிகிரேடபிள், இன்னொண்ணுக்குள்ள ரீசைக்ளபிள்னு எழுதி, பையில இருக்கறதை எல்லாம் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்க. வாழைத்தோல் ஒரு வட்டத்துல, பாட்டிலும் சோடா மூடியும் இன்னொண்ணுல, நியூஸ்பேப்பரும் காட்டன் துணியும் நடுவுல, சிப்ஸ் கவர் ரெண்டுக்கும் வெளிய. ஒவ்வொருத்தரும் வைக்கும்போது சொல்லணும், "நியூஸ்பேப்பர் இஸ் போத் பயோடிகிரேடபிள் அண்ட் ரீசைக்ளபிள்", "த சிப்ஸ் பாக்கெட் இஸ் நெய்தர்". போத், நெய்தர் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

செல், மாத்திரை, பாதரசம் இருக்கற பழைய சிஎஃப்எல் பல்பு, பெயின்ட் டப்பா இதுங்களுக்கு வட்டத்துக்கு வெளிய தனியா ஒரு கட்டம் போட்டு ஹசார்டஸ்னு எழுதிடுங்க. 2016ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே மக்கறது, மக்காதது, வீட்டுல சேர்ற அபாயக் கழிவுன்னு மூணா பிரிக்கச் சொல்லியிருந்தாங்க. கலரு மட்டும் உங்க ஊர்ல என்ன இருக்கோ அதையே சொல்லிக்கொடுங்க, பச்சை நீலம்னு புஸ்தகத்துல இருந்து தெருவுல பச்சை சிவப்பு இருந்தா பசங்க குழம்பிடுவாங்க.

நீளமான வார்த்தைகளை உடைச்சுக் காட்டினா பயம் போயிடும். பயோன்னா உயிர், டிகிரேட்னா சிதையறது, ஏபிள்னா முடியும், முன்னாடி "நான்"னு சேர்த்தா அதுக்கு எதிர். அந்த "ஏபிள்" தெரிஞ்சதும் வாஷபிள், பிரேக்கபிள், ரீயூசபிள்னு அவங்களே உருவாக்க ஆரம்பிச்சுடுவாங்க. ரீன்னா திரும்பன்னு சொல்லும்போது மட்டும் ஜாக்கிரதை, ரீயூஸுக்கும் ரீசைக்கிளுக்கும் அது பொருந்தும், ரிடியூஸுக்கு அப்படிச் சொன்னா பசங்க அர்த்தத்தை மாத்திப் புரிஞ்சுக்குவாங்க. பாட்டிலை வெட்டி செடி வெச்சா ரீயூஸ், உருக்கி நூலாக்கினா ரீசைக்கிள், இந்த வித்தியாசத்தை ஒரு தடவை கையில பாட்டிலோட சொன்னா போதும்.

உச்சரிப்புல நம்ம பசங்களுக்குன்னே வர்ற கஷ்டம் சிலது இருக்கு. தமிழ்ல எழுதினா குப்பைத்தொட்டி பின்னும் குத்தற பின்னும் ஒரே எழுத்துதான், தோல் உரிக்கற பீலும் கடையில போடற பில்லும் நெருங்கி ஒலிக்கும், அதனால உதட்டுக்கு முன்னாடி ஒரு பேப்பர் துண்டைப் பிடிச்சுக்கிட்டு சொல்லச் சொல்லுங்க, குத்தற பின்னுக்கு முதல் எழுத்துல பேப்பர் ஆடும், தொட்டி பின்னுக்கு ஆடாது. வேஸ்ட்டும் வெஸ்ட்டும் கலந்துடும், வேஸ்ட்ல நீட்டணும். ஸ்பெல்லிங்ல செப்பரேட்தான் எல்லாரும் தப்பு விடறது, ரெண்டாவது உயிரெழுத்தா ஏக்கு பதிலா ஈ போட்டுடுவாங்க, அந்த வார்த்தைக்கு நடுவுல ராட், அதான் எலி, ஒளிஞ்சிருக்குன்னு காட்டிட்டா மறக்கவே மாட்டாங்க.

கிராமர்ல ரெண்டே ரெண்டுதான் இங்க முக்கியம். வேஸ்ட், கார்பேஜ், பேப்பர் இதுக்கெல்லாம் குப்பைங்கற அர்த்தத்துல பேசும்போது பின்னாடி எஸ் போட வேண்டாம், எண்ணிக்கை வேணும்னா "டூ பீசஸ் ஆஃப் பேப்பர்"னு சொல்லணும். இன்னொண்ணு செயப்பாட்டு வினை, சயின்ஸ் புஸ்தகம் முழுக்க அதுதானே. தமிழ்ப் புஸ்தகத்துல மறுசுழற்சி செய்யப்படுகிறதுன்னு படிச்ச பிள்ளைக்கு "பாட்டில்ஸ் ஆர் ரீசைக்கிள்ட்", "பீல்ஸ் ஆர் கம்போஸ்டட்" புதுசு இல்ல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க.

இன்னொரு விஷயம், இதுல எனக்குக் கோவமே வரும். பிளாஸ்டிக் பாட்டில் மக்க 450 வருஷம் ஆகும்னு சார்ட்ல போட்டு அதை மனப்பாடம் பண்ணவெச்சு டெஸ்ட்ல ஒரு மார்க்குக்கும் கேக்கறாங்க. பிளாஸ்டிக்கை மக்கள் பெரிய அளவுல பயன்படுத்த ஆரம்பிச்சதே 1950கள்ல இருந்துதான், 450 வருஷம் யாரு உக்காந்து பாத்தா? அது ஒரு கணிப்பு. பசங்ககிட்ட அப்படியே சொல்லுங்க, "மே டேக் ஹன்ட்ரட்ஸ் ஆஃப் இயர்ஸ்", "சயின்டிஸ்ட்ஸ் எஸ்டிமேட்"னு பேசப் பழக்குங்க, தெரிஞ்சதுக்கும் கணிச்சதுக்கும் வித்தியாசம் வெச்சுப் பேசறதும் சயின்ஸ்தான். நிஜமா பாக்கணும்னா நாலு பழைய தொட்டியில ஈர மண்ணு போட்டு இலை, நியூஸ்பேப்பர், காட்டன் துணி, பால் கவர் நாலையும் புதைச்சு வெச்சு, மண்ணு காயாம தண்ணி தெளிச்சு, வாராவாரம் தோண்டிப் பாத்து இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க. சாஃப்ட், டார்க், டார்ன், அன்சேஞ்ச்டு இந்த நாலு வார்த்தையிலயே ஒரு மாசம் ஓடும், இலையும் பேப்பரும் மாறிக்கிட்டே வரும், பால் கவர் போட்டது போட்டபடியே இருக்கும்.

கிளாஸ்ல தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளையும், காயலான் கடை வெச்சிருக்கறவங்க பிள்ளையும் உக்காந்திருப்பாங்க, இதை மறக்காதீங்க. யார் வீட்டு வேலை என்னன்னு கேக்கவும் வேண்டாம், எழுப்பி நிறுத்தவும் வேண்டாம். கிளாஸ் முடிஞ்சு கூட்டற வேலையை எப்பவும் அதே சில பிள்ளைங்ககிட்ட தள்ளிடாதீங்க, ரோல் நம்பர்படி எல்லாருக்கும் வரட்டும், டீச்சரும் ஒரு நாள் எடுத்துக்கலாம். சானிடேஷன் வொர்க்கர், வேஸ்ட் பிக்கர், ஸ்கிராப் டீலர் மூணையும் மத்த தொழில் பேர் மாதிரியே சொல்லிக்கொடுங்க, எந்தக் கவர் விலைபோகும் எது போகாதுன்னு அந்தக் கடைக்காரருக்குத் தெரியறது ஒரு படிப்புன்னு சொல்லுங்க. குப்பைக்காரன்னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே நிறுத்தித் திருத்துங்க.

எட்டாவது, ஒன்பதாவது பசங்களா இருந்தா குப்பைமேடு வரைக்கும் போகலாம். எல்லாத்தையும் கலந்து கொட்டினா காத்துப் போகாத அடிப்பக்கத்துல மீத்தேன் உண்டாகும், மழைத்தண்ணி குப்பைக்குள்ள இறங்கி கறுப்பா கசியும், அதுக்குப் பேரு லீச்சேட். 2022 ஏப்ரல்ல சென்னை பெருங்குடி குப்பைமேட்டுல பிடிச்ச தீ நாள்கணக்கா புகைஞ்சது, சுத்தி இருக்கற ஜனங்க மூச்சுவிட முடியாம தவிச்சாங்க. அங்கயும் கொடுங்கையூர்லயும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கற பயோமைனிங் வேலை நடக்குது, அதுல டிராமல்னு உருளை மாதிரி சுத்தற ஒரு பெரிய சல்லடை வரும், மண்ணு ஓட்டை வழியா கீழ விழும், பிளாஸ்டிக்கும் துணியும் மறுபக்கம் வந்துடும். ஆறாவதுல படிச்ச சலித்தல், காந்தத்தால பிரிக்கறது, கையால பொறுக்கறது எல்லாம் அங்க மெஷினா ஓடுது. சீவ், மேக்னடிக் செப்பரேஷன், ஹேண்ட்பிக்கிங்ங்கற பழைய வார்த்தைங்களை மறுபடி எழுப்பறதுக்கு இது நல்ல சான்ஸ், "இஃப் வெட் வேஸ்ட் இஸ் மிக்ஸ்டு வித் டிரை வேஸ்ட்"னு ஆரம்பிச்சு வாக்கியத்தை அவங்களே முடிக்கட்டும்.

டெஸ்ட் வைக்கும்போது அர்த்தம் எழுதுன்னு கேக்காதீங்க. பாடத்துல வராத ஒரு பொருளைக் கொடுங்க, ஒரு ஷாம்பு சாஷே, ஒரு தேங்காய் நார்க் கயிறு, ஒரு உடைஞ்ச பிளாஸ்டிக் சீப்பு. இது எதால ஆனது, எங்க போகும், ஏன்னு மூணு வாக்கியம் பேசட்டும், எழுத வேண்டியதுகூட இல்ல. மூணாவது வாக்கியத்துல "பிகாஸ்"க்கு அப்புறம் வர்ற காரணம் சரியா இருந்தா கிராமர் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் பாதிக்கு மேல மார்க் போடுங்க, "இட் ஹேவ் லேயர், சோ நோ ரீசைக்கிள்"னு ஒரு பையன் சொன்னா அவனுக்கு விஷயம் புரிஞ்சிருக்கு, ஹேவை ஹேஸ் ஆக்கறது அடுத்த வாரம் பாத்துக்கலாம். அதே பசங்களுக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு சொல்லாமக் கொள்ளாம இன்னொரு பொருளை நீட்டுங்க, அப்பவும் வாக்கியம் வந்தா அந்த வார்த்தை அவங்களுதாயிடுச்சு, வரலைன்னா அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும், பக்கெட் தண்ணியோ ஊறவெச்ச கப்போ, திரும்ப ஒரு தடவை கையால செய்யவிடுங்க.